கரும்பொருள் வைவாவுக்குத் தாய்மாமன் சீர்

என் தங்கை மலர் மதுரை ஒத்தக்கடைக்கு அப்பால் ஒரு கல்லூரியில் இயற்பியலில் ஆறு வருடம் ஆய்வு செய்தாள். போன மாதம் அவளுக்கு வைவா. எல்லோர் முன்னாலும் நடக்கும் வாய்மொழித் தேர்வு. யாரும் வரலாம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். வாடிப்பட்டியிலிருந்து ஒரு வேன் கிளம்பிவிட்டது.

காலை ஏழரைக்குப் புறப்பட்டோம். நகருக்குள் நுழையாமல் சுற்றுச்சாலையில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வாடகை நாலாயிரம். எங்கள் தாய்மாமா தவமணி பட்டுச்சேலை, பழம், மாலை என்று ஏழு தாம்பாளம் சீர் ஏற்றியிருந்தார். டிரைவர், "எந்த மண்டபம்ணே?" என்றார்.

"பரீட்சைக்குப் போறோம்ப்பா" என்றார் மாமா. எனக்குத்தான் மானம் போனது.

வழியில் மாமா, வேனில் கூடவே வந்த மலரிடம், "அப்படி என்னத்தா கண்டுபிடிச்ச?" என்றார்.

"பிரபஞ்சம் பிறந்தப்ப பொருளும் எதிர்ப்பொருளும் சமமா இருந்திருந்தா, ஒண்ணையொண்ணு அழிச்சிருக்கும் மாமா. ஆனா நாம மிஞ்சியிருக்கோம். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் நம்மளப்போல அஞ்சு மடங்கு இருக்கு. தெரிஞ்ச ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடித் துகள் உண்டுன்னு சூப்பர் சிமெட்ரி சொல்லுது. அந்த ஜோடிகள் ஆதியில உருண்டையாத் திரண்டு உடைஞ்சப்ப, நாமளும் கரும்பொருளும் சேர்ந்தே வந்திருக்கலாம்னு கணக்குப் போட்டிருக்கேன்."

"அப்ப பங்காளிங்கன்னு சொல்லு" என்றார் மாமா. எனக்கு அதைவிட நன்றாக விளக்கத் தெரியாது.

அரங்கில் தேர்வு தொடங்கும் முன்பே மாமா மேடையேறி மலருக்கு மாலை போட்டுவிட்டார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "நான் இன்னும் கேள்வியே கேட்கலையே" என்றார். மலர் முகம் செத்துவிட்டது. ஃபெயிலானால் ஊரில் தலைகாட்ட முடியாதே என்று நான் மாமாவைக் கீழே இழுத்து உட்காரவைத்தேன்.

தேர்வின் கடைசியில் தேர்வாளர் கேட்டார்: "ஜோடித் துகள் ஒன்றைக்கூட இதுவரை எந்தச் சோதனையிலும் பார்க்கவில்லை. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றால், உங்கள் ஆறு வருடம்?"

மலர் சொன்னாள்: "என் கணக்கு தப்புன்னு ஆகும் சார். ஆனா நாம மிஞ்சியிருக்கோமே, அந்தக் கேள்வி தப்பாகாது. வேற வழியில திரும்பத் தேடுவேன்."

அவர் எழுந்து கைகொடுத்தார். பட்டம் கிடைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன்.

வைவாவுக்குப் போகிறவர்களுக்கு: மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலூர் பஸ் போதும், வேன் வேண்டாம். கேன்டீனில் பதினொரு மணிக்கே வடை தீர்ந்துவிடும். சொந்தக்காரர்களை முதல் வரிசையில் உட்கார விடாதீர்கள்.

திரும்பும் வழியில் வாடிப்பட்டி நெருங்கும்போது மாமா மெதுவாகச் சொன்னார்:

"பாஸானது கெடக்கட்டும் மாப்ள. தப்பா இருக்கலாம்னு அம்புட்டுப் பேரு முன்னால சொல்லுச்சு பாரு. நம்ம வகையறாவுல இதுவரைக்கும் ஒருத்தன் அப்படிச் சொன்னதில்ல."