க்ளெனிஸ் வரையச் சொன்ன நிலா

க்ளெனிஸ் டிரான்டர் பிழை பொறுக்காதவள். நியூ சவுத் வேல்ஸில், செம்மறி மேயும் நிலங்களுக்கு நடுவே பெரிய வானொலித் தொலைநோக்கி ஒன்று வானத்தைப் பார்த்து வாய் பிளந்து நிற்கும் ஊர் அவளுடையது. அங்கே நூலகத்தில் முப்பது வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை படிக்கிறாள். விண்கலம், வால்வெள்ளி, சனியின் வளையம் என்று எதுவானாலும் பாட்டாக்கி மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஊட்டிவிடுவாள். பிறர் புத்தகத்தில் தப்பு கண்டால் அன்றைக்கே பதிப்பகத்துக்குக் கடிதம் பறக்கும். "பாட்டுன்னா பொய் சொல்லிடலாமா? ஓசை இடிக்குதுன்னு ஒரு கிரகத்தையே தூக்கிடுவீங்களா?" என்று கேட்பாள்.

ஐம்பத்தெட்டாம் வயதில் அவளே ஒரு படப் புத்தகம் எழுதினாள். படம் போட்டவர் டூகல், செம்மறி ஏற்றிப் போகும் லாரியின் ஓட்டுநர். வளர்பிறைப் பக்கத்துக்கு அவர் இடப்பக்கம் ஒளிரும் அரை நிலாவை வரைந்து அனுப்பினார். அவள் எழுதியிருந்ததோ இப்படி:

ஏழாம் நாள் நிலாவைப் பாரு,
வலப்பக்கம் வெளிச்சம் பாரு!

அவர்கள் மொழியில் வலத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஓசை அத்தனை அழகாகப் பொருந்தும், இடத்துக்குப் பொருந்தாது. அலமாரியைக் குடைந்தாள். லண்டனில் அச்சான புத்தகங்களும் நியூயார்க்கில் அச்சானவையும் வலப்பக்கம் என்றே சொல்லின. பூமியின் வடபாதியில் இருப்பவர்களுக்கு அது சரிதான். தெற்கே இருப்பவர்களுக்கு நிலா தலைகீழ். ஜன்னல் வழியே ஒரு தடவை எட்டிப் பார்க்க இந்த மகராசிக்குத் தோன்றவில்லை. "நீங்க லாரிய ஓட்டுங்க டூகல், அறிவியல நான் பாத்துக்கறேன்" என்று எழுதிப் போட்டாள். மனிதர் மறுபேச்சு பேசாமல் மாற்றி வரைந்து கொடுத்தார்.

வெளியீட்டு விழா ஜூன் மாதத்தில், மாலை நான்கு மணிக்கு, நூலகப் புல்வெளியில். வானத்தில் அரை நிலா தெரியும் நாளாகப் பஞ்சாங்கம் பார்ப்பது போல் அவளே தேதி குறித்திருந்தாள். இருபது பிள்ளைகள், பெற்றோர்கள், சலவைச் சட்டையில் டூகல். அந்தப் பக்கம் வந்ததும் புத்தகத்தை உயர்த்திப் பிடித்து, "எல்லாரும் மேல பாருங்க!" என்றாள்.

நான்கு வயது பிப்பா புத்தகத்தைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள்.

"மிஸ், நெலா தப்பா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். க்ளெனிஸும் அண்ணாந்து பார்த்தாள். வெளிச்சம் இடப்பக்கம் இருந்தது. காது மடல் வரை சூடேறியது.

"அது... சாயங்கால வெயில்ல அப்படித்தான் தெரியும் கண்ணு."

முப்பது வருடத்தில் ஒரு குழந்தைக்கு அவள் சொன்ன முதல் பொய் அது. டூகலுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த கேக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிள்ளைகள் அவளை நம்பினார்கள், அதுதான் கொடுமை. ஒரு பையன் நிலாவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கால்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தான். "இப்ப புக்குல இருக்கற மாதிரியே இருக்கு!" அவ்வளவுதான், இருபது பேரும் குனிந்துவிட்டார்கள். பெற்றோர்கள் விழுந்து விழுந்து சிரித்தபடி போட்டோ எடுத்தார்கள். தன் ஒரு வரியை மெய்யாக்கப் பிஞ்சுகள் இப்படி மூச்சு முட்ட நிற்பதைக் கண்டபோது அவள் கூனிக் குறுகிப் போனாள்.

"எழுந்திருங்க, எல்லாரும் எழுந்திருங்க. நெலா சரியாத்தான் இருக்கு. புக்குதான் தப்பு. டூகல் சரியாத்தான் வரஞ்சு குடுத்தாரு. நான்தான் மாத்தச் சொன்னேன். இப்ப வெயில்னு சொன்னதும் பொய்."

சிரிப்பு நின்றது. "விடு க்ளென்" என்றார் டூகல், மெதுவாக.

"நீங்க நெலாவ பாக்கவே இல்லையா மிஸ்?" என்றாள் பிப்பா.

"இல்ல கண்ணு. பாக்காமலே எழுதிட்டேன்."

பிப்பா அருகில் வந்து பக்கத்தைத் திருப்பினாள். சிவப்பாகச் செவ்வாய். அதன் மேல் விரல் வைத்து, "இது சரியா?" என்று கேட்டாள்.

சரிதான். க்ளெனிஸுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் டூகலின் முகத்தைப் பார்த்தாள்.