நைனாவின் சொந்தக் குரல்

முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரின் அட்டையில் இருக்கும் முகத்தைப் பார்த்து, இவரை ஏதோ சினிமாவில் பார்த்த மாதிரி இருக்கிறதே என்று உங்களில் சிலர் யோசிப்பீர்கள். பார்த்திருப்பீர்கள். தமிழிலும் தெலுங்கிலுமாக எங்கள் நைனா நிறையப் படங்களில் வந்தவர். ஆனால் அந்தப் படங்கள் எதிலும் அவர் குரலை நீங்கள் கேட்டிருக்க முடியாது. அவருடைய மூத்த மகளாக அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நைனா ஆந்திர எல்லைக்குள் நகரிக்கு அருகே ஒரு கிராமத்தில், நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ். பத்தொன்பது வயதில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டினார். அவர் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவர்களுக்கும் வசனம் கேட்குமாம். திருவிழாவின் கடைசி நாள் படுகளம். உச்சி வெயிலில், பீமனிடம் தொடையில் அடிபட்டு மண்ணில் விழுந்த துரியோதனன், காந்தாரி வந்து அழுது முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. அந்த வருஷம் காந்தாரி வேஷம் கட்டியவர் பிற்பாடு எனக்குத் தாய்மாமா ஆனவர். அவர் குறும்புக்கு ஒப்பாரியை இழுத்துக்கொண்டே போக, செத்துக் கிடந்த நைனா உதட்டை அசைக்காமல், "சீக்கிரம் அழுது முடிடா, முதுகு வேவுது" என்றாராம். முன்வரிசையே சிரித்துவிட்டது. அண்ணன் வேஷத்தைப் பார்க்க அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவும் சிரித்தார். அடுத்த தை மாதம் இருவருக்கும் கல்யாணம்.

படுகளம் பார்க்க வந்த ஒரு சினிமாக்காரர் நைனாவின் உடற்கட்டைப் பார்த்துச் சென்னைக்கு வரச் சொன்னார். நகரியில் ரயிலேறிப் போவார். ஊர்த்தலைவர், ஏட்டு, பெண்ணுக்கு அப்பா, வில்லனுக்குக் கையாள் என்று எதைக் கொடுத்தாலும் செய்தார். வாயைத் திறந்தால்தான் வம்பு. தமிழ்ப் படத்தில், "உங்க தமிழ்ல தெலுங்கு வாடை அடிக்குது" என்றார்கள். தமிழை அரவம் என்று சொல்லும் தெலுங்குப் படக்காரர்களோ, இதென்ன அரவ வாடை என்று சிரித்தார்கள். இரண்டு பக்கமும் அவருக்கு வேறு யாரையாவது பேச வைத்தார்கள். ஒரு படத்தில் அந்த மலை போன்ற உடம்புக்குக் கீச்சுக் குரல்! பள்ளிக்கூடத்தில் என் தோழிகள் அதே குரலில் என்னைக் கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். எனக்கோ நைனா மேல் கோபம் வந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் மட்டும் தியேட்டரில் தன் காட்சி வரும் நேரம் பார்த்து டீ குடிக்க வெளியே போய்விடுவார்.

சளைத்தவர் இல்லை. தினமும் காலையில் தொழுவத்தில் நின்று செய்தித்தாளை உரக்கப் படித்து நாக்கைத் திருத்தினார். கேட்பதற்கு எங்கள் எருமை ஒன்றுதான். "ஒரு படத்துலயாவது என் வாய்ல நானே பேசணும்மா" என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அது நடக்கவில்லை. வயதாக, சினிமா அழைப்பும் நின்றது. நிலத்தைப் பார்த்துக்கொண்டார், எங்களைப் படிக்க வைத்தார், கூத்தையும் விடவில்லை. எங்கள் வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. இந்த ஒன்றைத் தவிர அவருக்கு வேறு குறையும் இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், திருப்பதியில் படிக்கும் சில பிள்ளைகள் எங்கள் பக்கத்து வாழ்க்கையைப் படமெடுக்க வந்தார்கள். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் மகனின் அப்பா வேஷம் நைனாவுக்கு. முதல் காட்சி எங்கள் வீட்டு வாசலிலேயே. நைனா நெஞ்சை நிமிர்த்தி, "எங்கே சென்றுகொண்டிருக்கிறாய், மகனே?" என்றார். முப்பது வருஷம் எருமைக்குப் படித்துக் காட்டிய தமிழ்! இயக்குநர் தம்பி தலையைச் சொறிந்துகொண்டு, "அய்யா, வூட்ல பேசற மாதிரியே பேசுங்க" என்றார்.

நைனாவின் முகம் சுருங்கிவிட்டது. "அந்தப் பேச்சத்தானேப்பா எல்லாரும் வேணாம்னாங்க?"

"எங்களுக்கு அதான்யா வேணும்."

நைனா தோள் துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டார். பிறகு, "எங்கடா போய்க்கினு கீற?" என்று ஓர் அதட்டல் போட்டார். முதல் தடவையிலேயே ஓகே ஆயிற்று.

படப்பிடிப்பு முடிந்து, ஸ்டுடியோவில் குரலைத் தனியாகப் பதிவதற்கு முன்பே நுரையீரலில் நோய் வந்து திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. அந்தப் பிள்ளைகள் தயங்கித் தயங்கி, வேறொருவரைப் பேச வைக்கட்டுமா என்று என்னிடம் கேட்டார்கள். நான் சரி என்று சொல்லத்தான் இருந்தேன். எனக்கு அவர் உடம்புதான் பெரிதாகத் தெரிந்தது. காதில் வாங்கிய நைனா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "இந்த வாட்டியும் எவனோ பேசுவானா? ஆட்டோவ வரச் சொல்லும்மா!" டாக்டரிடம் அனுமதி வாங்கி அழைத்துப் போனோம். இரண்டு மதியம், நாற்காலியில் உட்கார்ந்து, வரிக்கு ஒரு வாய் வெந்நீர் குடித்து, முழுவதையும் அவரே பேசி முடித்தார். அப்புறம் வீட்டில் நாலு மாதம் நிம்மதியாக இருந்தார். ஒருநாள் காலையில் காபி குடித்துவிட்டுக் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவரைக் கவனித்துக்கொண்ட டாக்டர்கள், நர்ஸம்மாக்கள், கூப்பிட்டபோதெல்லாம் வந்து நின்ற ஆட்டோக்காரத் தம்பி, காரியத்தன்று மிருதங்கத்தோடு வந்து பாரதம் பாடிய கூத்துக் குழுவினர், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டு வந்த தெருக்காரர்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

படமெடுத்த பிள்ளைகளுக்கு மட்டும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் திருப்பதியில் ஒரு கல்லூரி அரங்கில் படத்தைப் போட்டார்கள். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரையில் நைனா கழனியிலிருந்து வருகிறார், கால் கழுவுகிறார், வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, தினமும் அம்மாவிடம் கேட்பது போலவே, "இன்னாமே, துன்னியா?" என்று கேட்கிறார். அவருடைய குரல். அரங்கு முழுக்க அவருடைய குரல். நான் அழுதுவிட்டேன். அம்மா அழவில்லை. முந்தானையைச் சரி செய்துகொண்டு, அத்தனை பேருக்கும் கேட்கும்படி பதில் சொன்னார்:

"நீ வாய்யா மொதல்ல. ஒண்ணா துன்னலாம்."