பென்கா கேட்ட ஒரே கேள்வி

2013 ஏப்ரல் 8: அறுவை மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் கட்டணம், 700 லெவா.
2013 ஏப்ரல் 17: செவிலியர்களுக்கு இனிப்பு, 24 லெவா.
2013 மே 4: மருத்துவருக்கு ஈஸ்டர் ஆட்டுக்குட்டி, 180 லெவா.
2014 செப்டம்பர் 23: சோபியாவில் இதய ஸ்கேன், 80 லெவா.

முதல் மூன்றும் தன் இதயத்தைக் கெடுத்துக்கொள்ள பென்கா கொடுத்தவை. அது எப்படிக் கெட்டது என்று தெரிந்துகொள்ளக் கொடுத்தது நான்காவது.

லோம் நகரில் இருபத்தாறு ஆண்டுகள் பேருந்து ஓட்டியவள் பென்கா. மூன்றாம் மாடியில் என் எதிர்வீட்டுக்காரி. டிக்கெட் எடுக்காத துணை மேயரைக் கொட்டும் மழையில் நடுவழியில் இறக்கிவிட்டவள். இலையுதிர்காலத்தில் ஊரே குடைமிளகாய் சுடும்போது தோளுக்கொரு மூட்டையாக மாடியேறுவாள். ஆண்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயத்தின் இடப்பக்க வால்வு கசிகிறது என்றார்கள். ஊரில் எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னோம்: டாக்டர் மினேவ். காரணம், மற்றவர்கள் நாலு மணி நேரம் செய்வதை அவர் இரண்டில் முடித்துவிடுவார். சந்தையிலும் முடிதிருத்தும் கடையிலும் இதைத்தான் பெருமையாகப் பேசினோம். இதயத்தைத் திறக்கிறவருக்கு இதுவா தகுதி என்று ஒருவரும் கேட்கவில்லை.

உலோக வால்வு வைத்தார்கள். அமைதியான அறையில் அதன் டிக் டிக் ஓசை கேட்கும். ஆனால் அடுத்த ஆண்டு அவள் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் உட்கார்ந்து எழ வேண்டியிருந்தது. வேலையும் போனது. பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் வால்வு பிரமாதம் என்றே மினேவ் சொல்லி அனுப்பினார்.

தலைநகர் சோபியாவில் டாக்டர் அர்சோவா என்ற பெண்மணிதான் ஸ்கேனைக் காட்டி விளக்கினார். வால்வின் இதழ்களை மெல்லிய கயிறுகள் பிடித்திருக்கின்றன. கயிறுகளின் மறுமுனை இதயச் சுவரில் எழும் தசைத் தூண்களில் இருக்கிறது. இதழ் பின்னால் புரண்டுவிடாமல் தடுப்பது மட்டும் அவற்றின் வேலையல்ல. ஒவ்வொரு துடிப்பிலும் சுவரை உள்ளே இழுத்துப் பிடித்து, அறை இறுகிப் பிழிய உதவுவதும் அவைதான். பழைய வால்வோடு எல்லாக் கயிறுகளையும் வெட்டிவிட்டால், புது வால்வு எவ்வளவு நன்றாக மூடினாலும் அறை பந்துபோல உருண்டு தளர்ந்துவிடும். பென்காவின் இதயம் முன்பு தள்ளிய ரத்தத்தில் பாதியைத்தான் இப்போது தள்ளியது. சிலருக்குக் கயிறு கல்லாகிப்போயிருக்கும், வெட்டத்தான் வேண்டும் என்றும் அர்சோவா சொன்னார். அதனால்தான் பென்கா கேட்க வேண்டியிருந்தது: வெட்டினீர்களா, ஏன்?

கேட்க அவசரமும் இருந்தது. அவள் தங்கை ராலித்சாவுக்கும் அதே கசிவு. அதே மினேவுக்குக் கட்டணம் கட்டி, நாளும் குறித்தாகிவிட்டது.

பென்கா சொல்லச் சொல்ல மருத்துவமனைக்கு மூன்று மனுக்கள் எழுதினேன். மூன்றுக்கும் ஒரே பதில்: வால்வு சிறப்பாக இயங்குகிறது. ராலித்சாவோ, வேலை போன எரிச்சலை அக்கா டாக்டர்மேல் காட்டுகிறாள் என்றாள்.

அறுவைக்கு முந்தைய நாள் தங்கையைச் சேர்க்க நாங்களும் போனோம். நடைபாதையில் வந்த மினேவை பென்கா சுவரில் கைவைத்து மறித்தாள்.

"உங்க வால்வு கடிகாரம் மாதிரி ஓடுதும்மா. இன்னும் என்ன வேணும்?"

"கதவு நல்லாத்தான் சாத்துது டாக்டர். வீடுதான் சரியுது. கயிறுங்களை வெட்டினீங்களா இல்லையா?"

"அறுவைக் குறிப்பெல்லாம் ஆஸ்பத்திரி சொத்து. அலுவலகத்துல கேளுங்க."

"என் நெஞ்சுக்குள்ள இருந்தது யாரு சொத்து?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒவ்வொரு கயிறா விட்டுவெச்சுத் தைச்சுக்கிட்டிருந்தா நேரமாகும். எத்தனை பேர் காத்திருக்காங்க தெரியுமா?"

பென்கா மூச்சு வாங்கியபடி சுவரில் சாய்ந்தாள். ராலித்சாதான் பெஞ்சிலிருந்து எழுந்தாள். கட்டிலுக்கடியில் வைக்க எடுத்துவந்த செருப்பைப் பைக்குள் திணித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எந்திரிங்க ஸ்டோயன் அண்ணே, அக்காவைப் பிடிங்க. போலாம்."

கட்டிய பணத்தைத் திருப்பித் தர மறுத்தார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம், அந்தப் பணத்துக்கு டாக்டர் நல்ல கடிகாரமாக வாங்கிக்கொள்ளட்டும் என்று பென்கா சொன்னது வரிசையின் கடைசிவரை கேட்டது. அதே கேள்வியை நாலாவது மனுவாக அங்கேயே கொடுத்துவிட்டு வந்தோம்.

சோபியாவில் ராலித்சாவின் வால்வை மாற்றவே இல்லை. பழுது பார்த்தார்கள், கயிறுகள் அப்படியே இருந்தன. ஐந்து மணி நேரம் ஆயிற்று. அடுத்த இலையுதிர்காலத்தில் அவள் குடைமிளகாய் மூட்டையோடு மூன்று மாடியும் ஏறினாள். கதவருகே நாற்காலியில் இருந்த பென்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு மூட்டைதானா? வெக்கமா இல்ல?"

2016 ஜனவரி 21 அன்று பென்கா இறந்தாள். வயது ஐம்பத்தெட்டு. டிக் டிக் கடைசிவரை பிசகவில்லை.

பிறகு மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம், அவள் பெயருக்கே. "மதிப்பிற்குரிய பென்கா அம்மையாருக்கு: மனுதாரர் காலமாகிவிட்டதால் தங்கள் கேள்விக்குப் பதில் அளிக்க வேண்டிய அவசியம் எழவில்லை எனத் தெரிவித்துக்கொள்கிறோம்."

வந்த நாள்: 2016 மார்ச் 10.