மூன்று மங்கல் படங்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவருக்கு ‘மூச்சு’ என்று பட்டப்பெயர். வைத்தது நான்தான், மறைக்கவில்லை. என் பதிவு ஜன்னலுக்கும் அவருடைய எக்ஸ்ரே அறைக்கும் நடுவில் ஒரு சுவர். “மூச்ச நல்லா இழுங்க... பிடிங்க... விடுங்க” என்று காலையில் தொடங்கினால் மாலைவரை அதே பாட்டு. பதினோரு வருடமாகக் கேட்டுக் கேட்டு, சீட்டு எழுதும்போது நானே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மெஷின் பழசு. நெஞ்சுப் படத்துக்கே அரை நொடி எடுக்கும். அதற்குள் ஆள் அசைந்தால் போச்சு. ஆனாலும் அவர் எடுக்கும் படத்தில் விலா எலும்பின் ஓரம் பென்சிலால் கோடு போட்டதுபோல் இருக்கும். வீணான ஃபிலிமுக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தார். மாதத்துக்கு ஒன்றிரண்டு வரிதான் ஏறும். அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்றைக்கு அவருடைய அக்கா வந்தார். தையல் கடையை மூடிய பிறகு ஒரு வருடமாகத் தம்பி வீட்டில் இருப்பவர். ஒரு விடுதியில் சமையலறையைக் கவனிக்கும் வேலை கிடைத்திருந்தது. தங்க அறையும் உண்டு. சாயங்காலத்துக்குள் டாக்டர் சான்று கொடுக்காவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதற்குத்தான் நெஞ்சுப் படம்.

“தம்பி வீட்டுச் சோறு போதும்மா. இனி நான் நாலு பேருக்குப் போடணும்” என்று என்னிடம் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

முதல் படம் மங்கல். “எலும்பு ஓரமே தெரியல, இதுல நுரையீரல எப்படிப் பாக்கறது?” என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். இரண்டாவதும் மங்கல். மூச்சுக்கு முகமே விழுந்துவிட்டது.

“படம் கழுவுற டெவலப்பர் பழசாயிருக்குமோ அண்ணே?” என்றேன். அந்த அறையைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அது.

“அது போனா படம் வெளுத்துப் போகும்மா. இதுல கறுப்பு வெள்ளையெல்லாம் சரியாத்தான் இருக்கு, ஓரம் மட்டும் கலைஞ்சு கெடக்கு. வெளுப்பு வேற, மங்கல் வேற.”

அப்படியானால் கேசட்தான் என்றார். ஃபிலிம் வைக்கும் அந்தத் தட்டைப் பெட்டி இறுகாவிட்டாலும் ஓரம் கலையுமாம். ஜன்னலுக்கு அடிக்கும் கம்பி வலைத் துண்டை அதன்மேல் வைத்துப் படம் எடுத்தார். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக விழுந்தது. சரி, மெஷின் ஆடுகிறது என்று திருகுகளையெல்லாம் முறுக்கிவிட்டு மூன்றாவது எடுத்தார். அதுவும் மங்கல். நடுவில் வந்த ஒரு பெயின்டருக்கு அதே கேசட்டில் எடுத்த படமோ அப்பழுக்கில்லாமல் வந்தது.

எனக்கே தலை சுற்றியது. அவர் நோட்டைத் திறந்து ‘கேசட்’, ‘மெஷின்’ என்று எழுதினார். மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டது.

“ஊருக்கெல்லாம் வருது, எங்க அக்காவுக்கு மட்டும் வரமாட்டேங்குது. ஒண்ணுமே புரியலம்மா.”

“அவங்க அசைஞ்சாங்களோ என்னமோ.”

“எங்க அக்காவா? செலை மாதிரி நிக்கும்.”

இங்கேதான் எனக்குக் கோபம். மற்றவர்களை ஈயத் தடுப்பின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டுதான் பொத்தானை அமுக்குவார். அக்காவுக்கு அது வேண்டும் என்று தோன்றவே இல்லை. மீட்டர் முள்ளையே முறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான்காவது முறை என்னையும் தடுப்புக்குப் பின்னால் கூப்பிட்டார். “நீ முள்ளப் பாரு, ஆடுதான்னு சொல்லு.”

அக்கா முதுகைக் காட்டி நின்றார். “மூச்ச இழு... பிடி.” முள் ஆடவில்லை. ஆனால் அவர் பொத்தானை அமுக்கவும் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் தோள்பட்டைகள் ஏறி ஏறி இறங்கின, ஓடி வந்தவரைப்போல.

“அக்கா, பிடின்னு சொன்னேனே.”

“பிடிச்சிட்டுத்தான்டா இருக்கேன்.”

அவர் அக்காவுக்கு எதிரில் போய் நின்றார். “எத்தன நாளா?”

“கடைக்கு மாடி ஏற முடியலன்னுதானேடா மூடினேன். நீ மெஷினத் திட்டிட்டு இருந்தே. சரி, திட்டட்டும்னு விட்டுட்டேன். ஒரே ஒரு படம் நல்லா எடுத்துக் குடுத்துடு, சாயங்காலமானா அந்த வேல போயிடும்.”

அவர் நோட்டில் எழுதியதை அடித்தார். கூடையில் போட்டிருந்த மூன்று படங்களையும் எடுத்துத் துடைத்தார். டாக்டர் அறை மாடியில். முதல் படியிலேயே அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“இழுக்க வேணாம், பிடிக்க வேணாம். நீ சும்மா உக்காருக்கா. நான் போய் இந்தப் படங்களக் காட்டி டாக்டரக் கூட்டிட்டு வரேன்” என்றார்.