பட்டுக் கை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூர் ஷூ கம்பெனிகள் பெண்களை நிறைய வேலைக்கு எடுத்தபோது, குடியாத்தத்தில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம், ஞாயிறு லீவு. அதைவிட, ஷூ கடிக்குமே தவிர, "கை இறுக்குது, கழுத்து எறங்குது" என்று குறை சொல்லாது. டெஸ்டுக்கு வரச் சொன்னதுமே, தைக்க வாங்கி வைத்திருந்த துணிகளையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேலை கிடைத்த பிறகு கொடுக்கலாமே என்றார் கணவர். எனக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும் என்று அவர் வாயை அடைத்தேன்.

கம்பெனி சூப்பர்வைசர் பொறுமைசாலி. என்ன தெரியும் என்று கேட்டார். பைப்பிங், பஃப் கை, கொக்கி என்று மூச்சு விடாமல் அடுக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஷூவின் மேல்பாகத்துக்கான இரண்டு தோல் துண்டுகளைக் கொடுத்து இணைத்துத் தைக்கச் சொன்னார்.

அது மோட்டார் மெஷின். காலை வைத்ததும் பிய்த்துக்கொண்டு ஓடியது, தையல் கோணிவிட்டது. இதென்ன பிரமாதம் என்று பிளேடை எடுத்துப் பிரித்தேன், மறுபடி நேராகத் தைத்து நீட்டினேன். டைலருக்குப் பிரிப்பது பாதி வேலை. அவர் விரலால் காட்டினார். பழைய ஊசி ஓட்டைகள் வரிசையாக அப்படியே இருந்தன. சாதாரணத் துணி என்றால் நகத்தால் நீவினால் மூடிக்கொள்ளும். தோல் மூடாது.

டைலர்களிடம் எப்போதும் இந்த பேஜார்தான், ஒன்றுமே தெரியாத பெண்கள் தேவலை, புதிதாகக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் மெஷின் மிதித்தது எனக்கே குறையாகிவிட்டதா? வீட்டில் இனி தைக்க ஒரு முழத் துணி கிடையாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. கோபமும் பயமும் சேர்ந்து வாயைத் திறக்க வைத்தன.

"சார், பட்டுலயும் ஓட்டை நிக்கும். கல்யாண ஜாக்கெட்ட பிரிச்சித் தைச்சா பொண்ணு வீட்ல சும்மா வுடுவாங்களா? பட்டுன்னா நான் பிளேடே தொடமாட்டேன். தோலும் அப்படித்தான்னு தெரியாம போச்சி. இன்னொன்னு குடுங்க."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தார். பட்டு வந்தால் செய்வதுபோல, முதலில் ஒரு கழிவுத் துண்டில் ஓட்டி மெஷினின் வேகத்தைப் பழகிக்கொண்டேன். வளைவு வந்த இடத்தில் மோட்டாரை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் திருப்பி ஒவ்வொரு தையலாக இறக்கினேன். மணப்பெண்ணின் அம்மா தோளுக்குப் பின்னால் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டதில் கை தானாக நிதானப்பட்டது.

அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்தேன். அடுத்து வந்து உட்கார்ந்தவளும் டைலர்தான். என்ன தெரியும் என்று அவளிடம் அவர் கேட்கவில்லை.

"பட்டு தைச்சிருக்கியாம்மா?" என்றார்.