முன் பெஞ்சில் என் மகள்

என் மகளுக்குக் காது கேட்கவில்லை என்பது ஒரு துர்கா பூஜையின்போதுதான் எனக்கு உறைத்தது. கொல்கத்தாவில், டாக்குரியாவில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே பந்தலில் மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. மற்ற குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். இரண்டு வயதுகூட நிரம்பாத இவள் என் தோளில் அயர்ந்து தூங்கினாள். பக்கத்து வீட்டு மாஷிமா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டாக்டரிடம் காட்டச் சொன்னார்.

இரண்டு காதுக்கும் மெஷின் வைத்தார்கள். பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், வீட்டில் ஒரே மொழிதான் பேச வேண்டும், பள்ளியில் எதுவோ அதுவே இருக்கட்டும் என்றார். அப்படியென்றால் இங்கிலீஷ். கொல்கத்தாவிலேயே வளர்ந்து வங்கியில் வேலை பார்க்கும் என் கணவருக்கு அது சிரமமில்லை. நான் கல்யாணமாகித் தென்காசியிலிருந்து வந்தவள்.

“எம் பிள்ளகிட்ட நான் எந்த பாஷைல பேசணும்னு அவங்களா சொல்லணும்?” என்று கணவரிடம் கேட்டேன்.

“அவ பேசினாப் போதும்னு நெனச்சுக்கோ” என்றார்.

அன்றிலிருந்து மகளிடம் சொல்ல வேண்டியதை முதலில் மனசுக்குள் கட்டிக்கொண்டுதான் வாயைத் திறந்தேன். கோபம் வந்தால்கூட இலக்கணம் பார்த்துத் திட்டினேன்.

எல்லாக் குழந்தைகளோடும் படிக்கட்டும் என்று சாதாரணப் பள்ளியில் சேர்த்தோம். அவர்களும் தயங்காமல் எடுத்துக்கொண்டு, முன் பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் டீச்சர் அவளைப் பாராட்டினார். “கூப் ஷாந்தோ மேயே” என்பார். ரொம்ப அமைதியான பெண்ணாம். அதைக் கேட்டுவிட்டு வரும் வழியில் நான் அவளுக்கு சந்தேஷ் மிட்டாய் வாங்கி வருவேன்.

ஐந்தாம் வகுப்பில் மார்க் சரிந்தது. ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று அனுமதி கேட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். டீச்சர் நல்லவர்தான். ஆனால் போர்டில் எழுதிக்கொண்டே, போர்டைப் பார்த்தே பேசினார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிற என் மகள் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் அவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, வகுப்பே சிரித்தது. என் மகள் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுப் பிறகு சிரித்தாள்.

என்ன புரிந்து சிரித்தாய் என்று வீட்டில் கேட்டேன். அவள் இங்கிலீஷில் சொன்னதை என் பேச்சில் எழுதுகிறேன்: “ஒண்ணும் புரியல. சிரிக்கலன்னா எல்லாரும் என்னையப் பாப்பாங்க.”

தலைமை ஆசிரியையைப் பார்த்து, டீச்சரிடம் பிள்ளைகளைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கொஞ்ச நாள் நடந்தது. அத்தனை பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவருக்கு அது மறந்துபோனது. அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கு மாற்றலாமா என்று அவளிடமே கேட்டோம். அங்கே எல்லாரும் கையால் பேசுவார்கள், தனக்கு அது தெரியாது, அங்கே தனக்கு யாருமில்லை என்றாள். இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் திருப்பிக்கொண்டால் அதோடு பேச்சு முடிந்தது. அதற்குமேல் நான் என்ன சொன்னாலும் அவளைச் சேராது.

இப்போது எட்டாவது படிக்கிறாள். அன்றன்றைய பாடத்தை மாலையில் நான் மறுபடி நடத்துவதால் மார்க் தேறிவிட்டது. பள்ளியில் அவர்களுக்குப் பெருமை. போன மாதம் புதிதாக வந்த ஒரு தாயிடம் என்னைப் பேசச் சொன்னார்கள். அவள் மடியில் இருந்த சின்னப் பையனுக்கும் காதில் மெஷின். இங்கே சேர்க்கலாமா தீதி என்று கேட்டாள்.

சேருங்கள் என்றுதான் சொன்னேன். வேறு எங்கே அனுப்பச் சொல்வது? அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். வெளியே வந்த பிறகும் வெகுநேரம் எனக்கு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.