ஒடுக்கு வரிசையில் பதினான்கு படங்கள்

மகளின் கல்யாணத்தில் முடிவெடுப்பதற்காகக் கார்ட்டூன் படம் பார்த்த தகப்பன் ராயபுரத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன். மொத்தம் பதினான்கு படங்கள், எல்லாம் ஒரே ஸ்டுடியோ எடுத்தவை. அவற்றை வெளிவந்த வரிசையில் பார்க்கக்கூடாது. இணையத்தில் ரசிகர்கள் வகுத்து வைத்திருக்கும் வேறொரு வரிசையில், மாப்பிள்ளையாக வர விரும்பியவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். இது என் மகள் போட்ட நிபந்தனை.

நான் துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி சேதப் பிரிவில். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கில் எது நசுங்கியிருக்கிறது, எது கிழிந்திருக்கிறது, எது நனைந்திருக்கிறது என்று எண்ணி, மூன்று பிரதிகளில் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு இந்தத் திறமைக்கு வீட்டில் பெரிய தேவை இருக்கவில்லை. கோயிலில் கொஞ்சம் இருந்தது. எங்கள் கத்தோலிக்கப் பங்கில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. நூற்றாண்டாக எவரும் எதுவும் சொல்லாத அந்த இடத்தில் ஒருமுறை நான் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். மாப்பிள்ளையின் ஞானஸ்நானச் சான்று ஆறு மாதத்துக்கு முந்தையது, புதிய நகல் வாங்க வேண்டும் என்று. கல்யாணம் ஒரு வாரம் தள்ளிப்போனது. அன்றிலிருந்து ஓலை வாசிக்கும்போதெல்லாம், கோயில் ஆபீஸ் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் என் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

மகளுக்கு முப்பத்தொரு வயது. கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் இருக்கிறாள். அவள் கட்டிக்கொள்ள நினைத்தவருக்குச் சாத்தாங்காட்டில் இரும்புத் தகடு வியாபாரம். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம், அவர்களும் கத்தோலிக்கர்கள். தகடு இறக்குமதி விஷயமாக வந்துபோன இடத்தில் பழக்கம். இதுவரை ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் அடுத்த வரியில் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு வேறொரு பெண்ணோடு நிச்சயமாகி, இரண்டு ஓலை வாசித்த பிறகு, மூன்றாவது ஓலைக்கு முன்னால் ஆள் ஊரைவிட்டுப் போய்விட்டார். கல்யாணம் நின்றது. இதை எனக்குச் சொன்னவள் மகளேதான். ஆவணத்தை மறைத்தால் நான் கண்டுபிடிப்பேன் என்று தெரிந்தவள்.

"முடியாது" என்றேன்.

"நைனா, நீ யாருகிட்டயும் பத்து நிமிஷத்துக்கு மேல பேசினதே கிடையாது. பாத்த உடனே ஃபைலை மூடிடற" என்றாள். "அவரோட உக்காந்து பதினாலு படம் பாரு. ஞாயித்துக்கெழமைக்கு ரெண்டு. அதுக்கப்புறமும் வேணாம்னா நான் கேக்க மாட்டேன்."

"கேக்காம?"

"அவ்ளோதான். விட்டுடுவேன்."

கோயிலில் கொடுக்கும் ஓலைச் சீட்டுக்குச் சட்டப்படி என் கையெழுத்து தேவையில்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தே கேட்டாள் என்பதுதான் என் சங்கடம். காலக்கெடுவும் இருந்தது. விபூதிப் புதன் வந்துவிட்டால் தவக்காலம், ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாது. அதற்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். பின்னோக்கி எண்ணினால் சீட்டு கொடுக்க ஏழு ஞாயிறு மிச்சம். பதினான்கு படத்துக்குச் சரியாகப் போதும். அவள் கணக்கு போட்டுத்தான் பேசியிருக்கிறாள்.

முதல் ஞாயிறு மத்தியானம் அவர் வந்தார். எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசையில் சிக்கி முக்கால் மணி நேரம் தாமதம். கையில் காராசேவுப் பொட்டலம், நகக்கண்ணில் இரும்புக் கருப்பு. நல்ல உயரம், அதற்கு மன்னிப்பு கேட்பதுபோலக் கொஞ்சம் குனிந்த நடை.

"முறைப்படி காசு கட்டிப் பாக்கற படமா, திருட்டுப் பிரதியா?" என்று கேட்டேன்.

"சந்தா கட்டிருக்கேன் அங்கிள்" என்று போனில் ரசீதைக் காட்டினார். இதை எதிர்பார்த்து எடுத்து வைத்திருந்தார். மகள் சொல்லிக்கொடுத்திருப்பாள்.

பிறகு வரிசையை விளக்கினார். இந்தப் பதினான்கு படங்களும் தனித்தனிக் கதைகள். ஒன்றில் உப்பளத்துக் கழுதை நாயகன், ஒன்றில் நூலகத்துக் கரப்பான்கள், ஒன்றில் வேலை முடிந்து நிறுத்தப்பட்ட டிராம் வண்டி, ஒன்றில் நிலவில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும் சலவை இயந்திரம். ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது. ஆனால் எல்லாப் படத்திலும் எங்காவது ஒரு மூலையில் ஆரஞ்சு மூடி போட்ட நீல பிஸ்கட் டின் ஒன்று வரும். அது ஒரே டின் என்பது ரசிகர்களின் கட்சி. ஒவ்வொரு படத்திலும் அதன் மேல் ஒடுக்குகள் கூடிக்கொண்டே போகும். ஆகவே ஒடுக்கு குறைவான படம் முதலில், அதிகமான படம் கடைசியில் என்று அடுக்கினால், எல்லாம் ஒரே உலகத்தின் ஒரே கதை.

"இதை எழுதினது யாரு?"

"ரசிகர்கள்தான் அங்கிள்."

"என்ன அதிகாரத்துல?"

அவர் யோசித்தார். "நிறைய தடவை பாத்த அதிகாரம்தான்."

பதில் மோசமில்லை. கொள்கையும் எனக்குப் புரிந்தது. கப்பல் திங்கட்கிழமை வந்திருக்கும், அதைப் பற்றிய கடிதம் வியாழக்கிழமை வந்து சேரும். கோப்பை எப்போதும் திங்கட்கிழமையிலிருந்துதான் அடுக்க வேண்டும். பதினோராவதாக வெளிவந்த கழுதைப் படத்தில் டின் கடை அலமாரியில் புத்தம் புதிதாக இருந்தது. ஆகவே அதுதான் முதல். நான் உள்ளே போய் ஒரு நீண்ட நோட்டு எடுத்து வந்தேன். கோடு போட்டேன். படம், டின் தோன்றும் நேரம், ஒடுக்கு எண்ணிக்கை, இதர சேதம், குறிப்பு.

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாய்யா நீ, படம் பாக்கறியா, பரீட்சை பேப்பர் திருத்தறியா?"

"சரக்கு பாக்கறேன்."

"சரக்கு உன் பக்கத்துல குந்திகினு காராசேவு துன்னுது. அத்தப் பாரு."

பார்க்கத்தான் செய்தேன். மனுஷர் படம் ஓடும்போது பேசுவதில்லை. டின் வரும் இடத்தை முன்கூட்டிச் சொல்லி என் கண்டுபிடிப்பைக் கெடுப்பதில்லை. நான் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார், பின்னால் போகச் சொன்னால் போவார். ஒருமுறை நான் நான்கு ஒடுக்கு என்றேன், அவர் மூன்று என்றார். பெரிதாக்கிப் பார்த்தோம். மூன்றுதான். அவர் ஜெயித்ததுபோல முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. இதையெல்லாம் நான் நோட்டில் எழுதவில்லை, அதற்குக் கட்டம் இல்லை. டிராம் வண்டி தன் பணிமனைக்குத் திரும்பும் காட்சியில் நான் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. துறைமுகப் பக்கம் தூசி அதிகம்.

ஒரு ஞாயிறு மழையில் போனது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், கரண்ட் இல்லை. அதனால் கெடுவின் கடைசி ஞாயிறு வந்தபோது பத்து படங்கள்தான் முடிந்திருந்தன. அன்று மாலை ஆறு மணிக்குக் கோயில் ஆபீஸ் மூடுவதற்குள் சீட்டு போய்ச் சேர வேண்டும். மகள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மீன் குழம்பை ஊற்றும்போது மட்டும் கரண்டி தட்டில் இரண்டு முறை இடித்தது.

பதினோராவது படம் நூலகம். டின்னில் ஏழு ஒடுக்கு. எழுதினேன். பன்னிரண்டாவது படம் சலவை இயந்திரம். டின் வந்தது. நிறுத்தச் சொன்னேன். எண்ணினேன். கட்டங்களை நிரப்பிவிட்டு மறுபடி எண்ணினேன்.

ஐந்து.

துறைமுகத்தில் இதற்கு ஒரே பொருள்தான். இறங்கும்போது ஏழு ஒடுக்கு இருந்த பீப்பாய், வெளியே போகும்போது ஐந்து ஒடுக்கோடு போனால், அது அந்தப் பீப்பாய் இல்லை. நடுவில் எவனோ மாற்றிவிட்டான். இப்படி மூன்று மோசடிகளை நான் பிடித்திருக்கிறேன். அந்தப் பழைய சந்தோஷம் எனக்குள் கிளம்பியதை மறுப்பதற்கில்லை.

"சரக்கு மாறிடுச்சு" என்று நோட்டை மூடினேன். "உங்க வரிசை தப்பு. ஆறு வாரமா ஒரு தப்பான வரிசையை நம்பி என்னை உக்கார வெச்சிருக்கீங்க. சரிபாக்காம நம்பற ஆளுகிட்ட நான் எதை நம்பி ஒப்படைக்கறது?"

மகள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். மணி நாலேகால்.

அவர் கோபப்படவில்லை. "ரசிகர்களும் இந்த இடத்துல சண்டை போடுவாங்க அங்கிள். நூலகப் படத்துல புதுசா விழுந்த ஒடுக்கு இதுலயும் இருக்கு, அதனாலதான் இதைப் பின்னால வெச்சிருக்காங்க. ஸ்டுடியோ தப்பு பண்ணிட்டாங்கன்னுதான் முக்காவாசிப் பேரு சொல்லுதாங்க. ஆனா அவங்க யாரும் இரும்பு வியாபாரம் பண்ணல." அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, நசுங்கின டின்னு ஏதும் இருக்கா? பருப்பு மத்தும் குடுங்க."

"முறுக்கு டின்னு கீது. அது டொக்கு வுயுந்து பத்து வருசம் ஆவுது" என்று மனைவி கொண்டுவந்து கொடுத்தாள். பச்சை பெயிண்ட் அடித்த டின். ஒடுக்கு விழுந்தது நான் அதன் மேல் உட்கார்ந்ததால். அந்தத் தகவலையும் அவள் சொல்லத் தவறவில்லை.

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டின்னைத் தொடைமேல் வைத்து, இடது உள்ளங்கையை வெளிப்பக்கம் அணைத்து, மத்தின் உருண்டையால் உள்ளேயிருந்து மெல்ல மெல்லத் தட்டினார். விளிம்பிலிருந்து நடுவுக்கு. அவசரம் இல்லை. கடைசியில் டக் என்று ஒரு சத்தம். பள்ளம் போய்விட்டது. பெயிண்ட் மட்டும் செதில் செதிலாக அவர் வேட்டியில் உதிர்ந்தது. பள்ளம் இருந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டமாகத் தகரம் வெள்ளையாகத் தெரிந்தது.

"ஒடுக்கு எடுத்தா பெயிண்ட் விட்டுரும் அங்கிள். இப்ப டிவியப் பாருங்க."

பெரிதாக்கினார். நீல டின்னில், போன படத்தில் ஒடுக்கு இருந்த அதே இரண்டு இடங்களில், இரண்டு வெள்ளை வட்டங்கள்.

"டின்னு மாறல. யாரோ உக்காந்து எடுத்துருக்காங்க."

நான் நோட்டைத் திறந்தேன். 'இதர சேதம்' கட்டத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: வண்ணம் உதிர்வு, இரண்டு இடம். பழுது பார்த்ததைப் புதிய சேதமாகப் பதிந்திருக்கிறேன். முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனை முறை இப்படிச் செய்திருப்பேனோ. சேதத்தை எழுதுவதோடு என் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பொருளை யார் எடுத்துப்போய் என்ன செய்தார்கள் என்பதற்கு எங்கள் படிவத்தில் இடம் கிடையாது.

நோட்டை மூடினேன். பிறகு கேட்டேன். ஆறு வாரத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"அந்த மூணாவது ஓலைக்கு முன்னாடி ஏன் போயிட்டீங்க?"

அவர் மத்தைக் கீழே வைத்தார். "பயந்துட்டேன் அங்கிள். வேற காரணம் இல்ல. அந்தப் புள்ள மேல ஒரு குத்தமும் கிடையாது. ரெண்டாவது ஓலை வாசிக்கும்போது வேற யாரு பேரையோ வாசிக்கற மாதிரி இருந்துச்சு. ராத்திரி பஸ் ஏறிட்டேன். பதினஞ்சு நாளு போன எடுக்கல."

"அப்புறம்?"

"திரும்பி வந்து அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னேன். அவங்கப்பா கதவத் தொறக்கல. மறுநாளும் போனேன். மூணாம் நாளு அந்தப் புள்ளதான் வந்து, மன்னிக்கல்லாம் முடியாது, நிக்காதீங்க, போங்கன்னு சொல்லிச்சு. வந்துட்டேன். இப்ப அதுக்குக் கல்யாணம் ஆயிருச்சு. அவங்கப்பா மார்க்கெட்ல பாத்தா மொகத்தத் திருப்பிக்குவாரு. திருப்பட்டும். அவருக்கு அது உரிமைதானே."

"திரும்ப பயம் வந்தா?"

"வரும் அங்கிள். இப்பவே இருக்கு" என்று மகள் பக்கம் பார்த்தார். "ஆனா இந்தத் தடவை அதை இவங்ககிட்ட சொல்லியாச்சு."

"தெனம் சொல்றாரு நைனா" என்றாள் மகள், திரும்பாமலே. "பேஜாரா போச்சு."

மனைவி சிரித்துவிட்டாள். மணி ஐந்து பத்து.

சட்டை மாட்டிக்கொண்டேன். ஓலைச் சீட்டு முன்பே பூர்த்தி செய்து, ஞானஸ்நானச் சான்று, உறுதிபூசுதல் சான்று, திருமணத் தயாரிப்பு வகுப்புச் சான்று எல்லாம் இணைத்து பீரோவில் இருந்தது. முடிவு எதுவானாலும் காகிதம் தயாராக இருக்க வேண்டும் என்பது என் பழக்கம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. போட்டேன்.

"இன்னும் ரெண்டு படம் கீது நைனா" என்றாள் மகள். "பதினாலும் பாத்தாத்தான்னு பேச்சு."

"முடிக்காத வேலைக்குக் கையெழுத்து போடறது தப்புதான். எனக்குத் தெரியும்" என்று செருப்பைப் போட்டேன்.

உபதேசியார் சீட்டை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சான்றெல்லாம் ஆறு மாசத்துக்குள்ள வாங்கினதுதானே?" என்றார். இதைக் கேட்க அவர் எத்தனை வருடம் காத்திருந்தாரோ.

முதல் ஞாயிறு ஓலை வாசித்தபோது எனக்கு இருமல் வந்தது. மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது. மனைவி என் முழங்காலை அழுத்தி உட்கார வைத்தாள், நான் எழுந்திருக்கவே இல்லை என்றபோதும். இரண்டாம் ஞாயிறும் கழிந்தது. அந்த வாரம் முழுக்க மகள் சாதாரணமாக இருந்தாள், நான்தான் இல்லை. மூன்றாம் ஞாயிறு காலை எங்கள் பூசைக்குப் போகாமல் ஆட்டோ பிடித்துத் திருவொற்றியூரில் அவருடைய கோயிலுக்குப் போனேன். அங்கேயும் அதே நாள் அதே ஓலை.

அவர் இருந்தார். மூன்றாவது பெஞ்சில், முன்பெஞ்சின் சாய்மானக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. சட்டை முதுகில் ஒட்டும் அளவுக்கு வியர்வை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சாமியார் பெயர்களை வாசித்தார். தடை இருந்தால் சொல்லலாம் என்றார். யாரும் சொல்லவில்லை. அவர் விரல்கள் கட்டையிலிருந்து ஒவ்வொன்றாக விலகின.

"இருக்கேனான்னு சரிபாக்க வந்தீங்களா, மாமா?" என்று மெல்லக் கேட்டார். அதுவரை அங்கிள்தான்.

"அதுவும்தான்" என்றேன். "படம் ரெண்டு பாக்கி கீது. பூசை முடிஞ்சதும் வண்டிய எடுங்க."